விற்காத பாட்டைப் பகிரவும் கூடாதா?

மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய்க்குப் பத்துக் கோடிப் பாட்டு என்கிறார்கள். நானும் கட்டத்தான் செய்கிறேன். வேனில் போகும்போதும் கடையில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போதும் அது போதும். குறை சொல்ல மாட்டேன். தொழில் என்று வந்துவிட்டால்தான் அந்தப் பத்துக் கோடியும் கைகொடுப்பதில்லை. எட்டயபுரம் பக்கம் ஒரு கோயில் கொடைக்குச் செட் போட்டிருந்தோம். ஒரு பெரியவர் வந்து, "ஏய்யா, விடியுமுன்ன ஒரு நாயன ரெக்கார்டு போடுவாரே ஒங்கய்யா, அது வச்சிருக்கியா?" என்று கேட்டார். ஆப்பில் தேடினேன். அந்த வித்வான் பெயரில் ஏழெட்டு உருப்படிகள் வந்தன. பெரியவர் கேட்டது அதில் இல்லை. நல்லவேளை, வீட்டிலிருந்த தட்டை நான் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்திருந்தேன். பையனை அனுப்பி ஹார்டு டிஸ்க்கை எடுத்துவரச் சொல்லிப் போட்டேன்.

இணையத்தில் ஆளுக்கு ஆள் பாட்டைப் பகிர்ந்துகொள்வது திருட்டு என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள். பாதி சரி. மறுபாதியைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது அப்பா காலத்து மைக் செட் தொழில். எல்.பி. ஒன்று வாங்குவது அன்றைக்குப் பெரிய செலவு; எந்தச் செட்டுக்காரரிடமும் எல்லா ரெக்கார்டும் இருக்காது. கோவில்பட்டி, கழுகுமலை, விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரத்தில் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். கழுகுமலைப் பங்குனித் தேருக்கு எங்களிடமிருந்து ஒரு பெட்டி போகும். முகூர்த்த மாதத்தில் அங்கிருந்து ஒரு பெட்டி வரும். உறையில் கடைப்பெயர் முத்திரை இருக்கும். கீறல் விழுந்தால் புதுசு வாங்கித் தர வேண்டும், சட்டம் அவ்வளவுதான். கேசட் வந்ததும் பலர் தட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அப்பா போடவில்லை. தொலைநோக்கெல்லாம் கிடையாது. ஆம்ப்ளிஃபையர் வைக்கிற மேசைக்கு ஒரு கால் இல்லை, அதற்கு இந்தப் பெட்டிகள் முட்டாக நின்றன.

அந்த மாற்றுமுறையை இன்று உலக அளவில் செய்துகொண்டிருப்பது சோல்சீக் என்ற மென்பொருள். 1999இல் ஷான் ஃபேனிங் என்ற கல்லூரிப் பையன் பாட்டுப் பகிரும் நாப்ஸ்டரை ஆரம்பித்ததும், அந்த டிசம்பரிலேயே அமெரிக்க இசைக் கம்பெனிகள் வழக்குப் போட்டதும், 2001 ஜூலையில் அது மூடியதும் பலருக்கு நினைவிருக்கும். பின்னால் வந்த கஸா போயிற்று. லைம்வயரை 2010இல் நீதிமன்றம் நிறுத்தியது. நாப்ஸ்டரில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த நிர் ஆர்பெல் தொடங்கிய சோல்சீக் மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடுகிறது. விளம்பரம் கிடையாது. பயன்படுத்துகிறவர்கள் விரும்பிக் கொடுக்கும் நன்கொடைதான் வரும்படி. நன்கொடை கொடுத்தால் வரிசையில் கொஞ்சம் முன்னால் விடுவார்கள், வேறு சலுகை இல்லை.

நடுவில் இருக்கும் சர்வரில் பாட்டு எதுவும் கிடையாது. யார் யார் இப்போது வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, தேடுகிறவரையும் வைத்திருக்கிறவரையும் அது சேர்த்துவைக்கும். கோப்பு அவர் கம்ப்யூட்டரிலிருந்து நேராக என் கம்ப்யூட்டருக்கு வரும். அவர் அணைத்துவிட்டுத் தூங்கப் போனால் பாதியில் நிற்கும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். எதையும் பகிராமல் எடுத்துக்கொண்டு மட்டும் போகிறவனைச் சிலர் தடை செய்துவிடுவார்கள்.

எனக்கு அதில் பிடித்தது வேறு. ஒரு பாட்டைத் தேடிப் போனால், அதை வைத்திருப்பவர் பகிர்ந்திருக்கும் அலமாரி முழுவதையும் திறந்து பார்க்கலாம். ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் ஒருவருடையதை அப்படித்தான் பார்த்தேன். ஷெனாய், துருக்கிய ஸுர்னா, ஆர்மீனிய துதுக், சீனத்துச் சுவோனா, பிரான்ஸின் பிரிட்டனி பக்கத்து பொம்பார்ட் என்று தனித்தனிக் கோப்புறைகள். கடைசியில் நாதஸ்வரம். சீவாளி வைத்து ஊதும் கருவிகளாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருக்கிறார் மனுஷர்! எந்த ஆப்பும் எனக்கு அப்படி வரிசைப்படுத்திக் காட்டாது. நாதஸ்வரம் கேட்டு முடித்தால், கீபோர்டில் வாசித்த 'மங்கள இசை' ஒன்றைக் கொண்டுவந்து தள்ளும். என்னிடமிருந்து அவர் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் கேட்ட கேள்வி: தவில் யார்? தட்டின் லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சொன்னேன். நம் ஊர் ஆப்களில் நாதஸ்வர ஆல்பம் என்றால் பெரும்பாலும் நாயனக்காரர் பெயரோடு சரி. பக்கத்தில் உட்கார்ந்து தவில் அடித்த வித்வான் யார் என்று எங்கோ தூரத்தில் இருப்பவருக்குத் தெரிந்தாக வேண்டியிருக்கிறது.

இந்தக் கோப்புகள் தானாக வந்து விழுவதில்லை. 78 ஆர்.பி.எம். தட்டு அரக்கால் ஆனது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்து தட்டு பாழ். லேபிளில் ஈரம் படாமல் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, மென்துணியால் ஒற்றி, நிழலில் காயவைக்க வேண்டும். எல்.பி.க்குப் போடுகிற முள்ளை இதற்குப் போட்டால் அது வரியின் அடியில் கிடந்து கரகரவென்று தேயும். தடித்த முள் தனியாக வேண்டும். ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிஷம். ஆலாபனை சூடு பிடிக்கிற இடத்தில் தட்டு முடிந்துவிடும், திருப்பிப் போட வேண்டும். பதிவு செய்த பிறகு இரைச்சலைக் குறைக்கிற மென்பொருளை ஓட்டலாம். நான் ஓட்டுவதில்லை. இரைச்சலோடு சேர்த்துச் சீவாளியின் காற்றையும் வழித்து எடுத்துவிடுகிறது. எம்பி3 ஆக்கினால் நுணுக்கம் கொஞ்சம் போகும் என்று ஃபிளாக் வடிவில்தான் வைத்திருக்கிறேன்.

பகிர்வதையே குற்றமாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். ஸ்பாட்டிஃபை 2006இல் ஸ்வீடனில் தொடங்கியது. அதன் ஆரம்பகாலப் பொறியாளர்களில் முக்கியமானவர் லுட்விக் ஸ்ட்ரிகேயஸ். டொரன்ட் இறக்க உலகமே பயன்படுத்திய மியூடொரன்ட் மென்பொருளை எழுதியவர். 2008இல் சேவை வெளியானபோது கம்ப்யூட்டரில் ஓடிய ஸ்பாட்டிஃபையும் ஆளுக்கு ஆள் பகிரும் முறையில்தான் இயங்கியது. கேட்பவரின் கம்ப்யூட்டரில் சேமிப்பாகிற பாட்டை அங்கிருந்தே இன்னொரு கேட்பவருக்கு அனுப்பும். 2010இல் அந்த நிறுவனத்துக்காரர்களே வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் கணக்கு இருக்கிறது: ஒலித்த இசைத் தரவில் கம்பெனி சர்வரிலிருந்து வந்தது வெறும் 8.8 சதவீதம். 35.8 சதவீதம் மற்ற பயனாளர்களின் கம்ப்யூட்டரிலிருந்து. மீதி, கேட்பவரின் சொந்தச் சேமிப்பிலிருந்து. 2014இல் சொந்த சர்வர்கள் போதுமென்ற நிலை வந்ததும் இந்த முறையை நிறுத்திவிட்டார்கள். ஆக, கம்பெனியின் உரிமத்தோடு, கம்பெனியின் வசதிக்காக நம் கம்ப்யூட்டரும் நம் இணையக் கட்டணமும் பாட்டைச் சுமந்தால் அது புதுமை. நாமாகச் செய்தால் கடற்கொள்ளை! உரிமம் வாங்கினார்கள், பணம் கொடுத்தார்கள் என்ற வித்தியாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பழி தொழில்நுட்பத்தின் மேல் விழுவது நியாயமில்லை.

ஸ்ட்ரீமிங்கில் நாம் வாங்குவது பாட்டை அல்ல, அதைக் கேட்கும் அனுமதியை. அது எப்போது வேண்டுமானாலும் முடியும். 2023 மார்ச்சில் உரிமப் பேச்சு முறிந்ததும் ஜீ மியூசிக்கின் பாட்டுகள் ஒட்டுமொத்தமாக ஸ்பாட்டிஃபையில் காணாமல் போயின. ரெஸ்ஸோ ஆப் 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக அதே ஆண்டில் அறிவித்தார்கள். அவற்றில் ஆண்டுக்கணக்காகப் பட்டியல் போட்டுவைத்தவர்கள் வேறு இடத்தில் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

இவையெல்லாம் புகழ்பெற்ற பாட்டுகள், வேறு கடையில் கிடைத்துவிடும். மைஸ்பேஸுக்கு நடந்தது அப்படியல்ல. அறிமுகமில்லாத இசைக்குழுக்கள் லட்சக்கணக்கில் தங்கள் பாட்டை ஏற்றிவைத்த இடம் அது. சர்வர் மாற்றும் வேலையில், 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகள் அழிந்துவிட்டதாக 2019 மார்ச்சில் செய்தி வெளியானது. ஐந்து கோடிக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். பிரதியும் இல்லை என்றது நிறுவனம். அடுத்த மாதமே அதில் சுமார் 4,90,000 பாட்டுகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் வந்து சேர்ந்தன. கம்பெனி மீட்டெடுத்தது அல்ல. ஆய்வுக்காகப் பல ஆண்டுகள் முன்பே அவற்றை இறக்கிவைத்திருந்த பெயர் சொல்லாத சில கல்வியாளர்கள் கொடுத்தது. சட்டத்தைக் கறாராகப் பிடித்து அவர்களை அன்றைக்கே தடுத்திருந்தால் அந்த நாலு லட்சத்துத் தொண்ணூறாயிரமும் போயிருக்கும்.

கலைஞனுக்குப் பணம் போக வேண்டாமா என்று கேட்பார்கள். போக வேண்டும். நான் மேடையில் ஒலி அமைத்துக் கொடுக்கும் மெல்லிசைக் குழுக்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நாப்ஸ்டர் வந்த 1999ஐ ஒட்டி உச்சத்தில் இருந்த உலக இசைப்பதிவு வருமானம் அதன்பின் பதினைந்து ஆண்டுகள் போலச் சரிந்தது. ஸ்ட்ரீமிங்தான் அதை மறுபடி தூக்கி நிறுத்தியது. ஆகவே இந்த வெள்ளிக்கிழமை வந்த படத்தின் பாட்டை நான் பகிர மாட்டேன். பகிர்கிறவர்களுக்கு வக்காலத்தும் வாங்க மாட்டேன்.

ஆனால் அந்தப் பணம் பிரிகிற விதத்தையும் பார்க்க வேண்டும். மாதம் முழுக்க நாதஸ்வரம் மட்டும் கேட்டாலும் என் சந்தா அந்த வித்வானுக்கு அப்படியே போகாது. எல்லாருடைய பணமும் ஒன்றாகச் சேர்ந்து, மொத்தமாக ஒலித்ததில் யாருக்கு எத்தனை பங்கு என்ற கணக்கில் பிரியும். போதாததற்கு, பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறைகூட ஒலிக்காத பாட்டுக்கு ஒரு பைசாவும் இல்லை என்று 2024 முதல் ஸ்பாட்டிஃபை விதி வைத்திருக்கிறது. யாரும் அதிகம் கேட்காத தவில் தனிக்கும் வில்லுப்பாட்டுக்கும் அங்கே இடம் கிடைத்தாலும் காசு இல்லை. பெரும்பாலும் இடமும் இல்லை. நெல்லை, குமரிப் பக்கத்தில் சின்னக் கம்பெனிகள் கேசட்டாகப் போட்ட வில்லுப்பாட்டுகள் எத்தனை! அந்தக் கம்பெனிகளே இன்று இல்லை, உரிமை யாரிடம் என்று கேட்க ஆளும் இல்லை.

பாட்டு தன் கையிலேயே இருக்க வேண்டும் என்ற ஆசை மக்களுக்கு இல்லாமலும் இல்லை. பழைய எச்.எம்.வி. களஞ்சியத்தை வைத்திருக்கும் சரிகம 2017இல் கார்வான் என்ற பெட்டியை விற்றது. ஐயாயிரம் பாட்டு உள்ளே. இணையம் வேண்டாம், சந்தா வேண்டாம். எங்கள் தெருவில் பல வீடுகளில் அது இருக்கிறது. கம்பெனிக்கு எந்த ஐயாயிரம் லாபமோ அந்த ஐயாயிரம் அப்படிப் பெட்டிக்குள் வரும். மற்றவை?

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதைத் தொழிலுக்காகவே நான் கொஞ்சம் தெரிந்துவைத்திருக்கிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு ஆயுள், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் அறுபது ஆண்டுகள். 1956இல் மறைந்த டி.என்.ராஜரத்தினம் பிள்ளை தியாகராஜர் கீர்த்தனை வாசித்து அந்நாளில் வெளியான தட்டு இருந்தால் யாரும் தாராளமாகப் பகிரலாம்; தட்டின் உரிமை காலாவதி, கீர்த்தனைக்கு உரிமையே கிடையாது. அதே கீர்த்தனையை வேறொருவர் வாசித்து 1975இல் வந்த தட்டு 2035 முடியும்வரை பூட்டு. சினிமாப் பாட்டு என்றால் இன்னும் சிக்கல். காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனமும் எஸ்.ஜானகியின் குரலும் சேர்ந்த 'கொஞ்சும் சலங்கை' பாட்டு 1962. ஒலிப்பதிவின் உரிமை 2022 கடைசியில் முடிந்துவிட்டது. ஆனால் இசையமைத்த எஸ்.எம்.சுப்பையா நாயுடு 1979இல் மறைந்தவர். மெட்டுக்கு உரிமை அவர் மறைந்து அறுபது ஆண்டு, அதாவது 2039 வரை. வரிகளை எழுதியவர் கணக்கு தனி.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. கோயில் கொடையிலும் கல்யாண ஊர்வலத்திலும் ஒலிப்பதிவைப் போடுவது உரிமை மீறல் ஆகாது என்று அதே சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. கல்யாணத்தைப் பற்றி 2023 ஜூலையில் ஒன்றிய அரசு ஓர் அறிவிப்பே வெளியிட்டுத் தெளிவுபடுத்தியது. ஆக, 1975ஆம் ஆண்டு நாயனத் தட்டை நாலு திசையிலும் ஸ்பீக்கர் கட்டி ஊர் முழுக்கக் கேட்க நான் போடலாம். அதையே ஐரோப்பாவில் இருக்கும் அந்தச் சீவாளிப் பிரியருக்கு ஒரு கோப்பாக அனுப்பினால் 63ஆவது பிரிவு: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் நீதிபதி குறைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

உரிமையாளர் மறுபதிப்புக்கு மறுத்து மக்களுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தால் கட்டாய உரிமம் கேட்கலாம் என்று 31ஆவது பிரிவு இருப்பதும் தெரியும். அதற்கென இருந்த மேல்முறையீட்டு வாரியத்தையும் 2021இல் கலைத்துவிட்டார்கள். இனி நீதிமன்றப் படி ஏற வேண்டும். மூன்றரை நிமிஷத் தட்டுக்கு வக்கீல் வைக்க எந்த ரசிகனால் முடியும்? ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த பதிப்புரிமை நெறிமுறையில், விற்பனையில் இல்லாத படைப்புகளை நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் மக்களுக்கு இணையத்தில் கொடுக்க வழி செய்திருக்கிறார்கள். உரிமையாளர் வேண்டாமென்றால் விலக்கிக்கொள்ளலாம். இங்கே அதுவும் இல்லை. இருந்தாலும் அது நூலகங்களுக்குத்தான். எங்கள் வட்டாரத்து வில்லுப்பாட்டு கேசட்டுகள் நூலகத்தில் இல்லை. பரணில் இருக்கின்றன, செட்டுக்காரர்களிடம் இருக்கின்றன, சில வீடுகளில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அதனால் நான் கேட்பது சின்னத் திருத்தம்தான். பத்து ஆண்டுகளாக எந்த வடிவிலும் விற்பனைக்கோ ஸ்ட்ரீமிங்குக்கோ வராத ஒலிப்பதிவை, காசு வாங்காமல் ரசிகர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது குற்றமல்ல என்று 52ஆவது பிரிவில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பத்து என்பது என் எண். நிபுணர்கள் கூட்டிக் குறைத்துக்கொள்ளட்டும். உரிமையாளர் வந்து, "இதை நான் வெளியிடுகிறேன்" என்று சொல்லி வெளியிட்டால் பகிர்வதை நிறுத்திவிட வேண்டும் என்றும் அதிலேயே எழுதட்டும்.

கம்பெனிகள் இதை எதிர்க்கும் என்று ஒரு வக்கீல் நண்பர் சொல்கிறார். ஏன் எதிர்க்க வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. அவர்கள் விற்காததைத்தானே கேட்கிறோம்? என் கோப்புறையில் இருப்பவற்றில் எதை வேண்டுமானாலும் நாளைக்கே வெளியிடட்டும். மூல நாடா அவர்களிடம் கெட்டுப்போயிருந்தால் என் தட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும், கழுவித் தருகிறேன். தவில்காரர் பெயரையும் உறையில் போட வேண்டும், அது மட்டும் நிபந்தனை. விற்பனைக்கு வந்த அன்றே சோல்சீக்கிலிருந்து எடுத்துவிட்டு, கடைக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.